கலைச்சொல் உதவி: கோப்பை மாற்றுவதற்கு ஒரு சொல், கட்டத்தை மாற்றுவதற்கு ஒரு சொல்

செயல்முறை ஏடு எழுதும் ஆசிரியை, தஞ்சாவூர்

அனைவருக்கும் வணக்கம்.

புவித்தகவலியல் செயல்முறை ஏடு வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன். நிலப்படத் தரவைக் கையாளும் ஜிடிஏஎல் மென்பொருள் தொகுதியில் ‘டிரான்ஸ்லேட்’, ‘வார்ப்’ என்று இரண்டு கட்டளைகள் உள்ளன. முதலாவது, ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக்கும்; உள்ளே உள்ள எண்கள் அப்படியே இருக்கும். இரண்டாவது, தரவு அமைந்த கட்டங்களையே கலைத்து வேறு அளவில் அல்லது வேறு வீழலில் (உருண்டைப் புவியைத் தட்டையாக வரையும் முறையில்) புதிதாகப் போடும். எண்களையும் புதிதாகக் கணக்கிடும். சென்ற ஆண்டு ஏட்டில் இரண்டையும் ‘உருமாற்றம்’ என்றே எழுதிவிட்டேன்.

விளைவை ஆய்வகத்தில் பார்த்தேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட மழைத் தரவைக் கொடுத்திருந்தோம். கால் பாகை இடைவெளியில் 135 × 129 புள்ளிகள். 1901 முதல் கிடைக்கிறது. தரவு இல்லாத இடங்களில் −999 இருக்கும். அதை ஜியோடிஃப் (இடக்குறிப்போடு கூடிய படக்கோப்பு) ஆக்கினால் போதும். ஆனால் பாதிப் பேர் ‘உருமாற்றம்’ என்ற சொல்லை நம்பி ‘வார்ப்’ கட்டளையை இயக்கினார்கள். −999 வெறும் குறி என்பதைக் கருவிக்குச் சொல்லவும் இல்லை. நாகப்பட்டினக் கரையில் 40 மில்லிமீட்டர் மழை பெய்த கட்டமும் அடுத்த கடற்கட்டமும் சராசரியாகி −479.5 மில்லிமீட்டர் மழை என்று வந்தது. ஒரு மாணவி அதை அப்படியே அட்டவணையில் எழுதிக் கொடுத்தாள். பிழை அவளுடையது அன்று, என் சொல்லுடையது.

இரண்டு தனிச்சொற்கள் வேண்டும். கட்டளை வடிவில் ஏவலாகவும் வர வேண்டும்.

மென்பொருள் இடைமுகத் தமிழாக்கர், கோவை

அம்மா, இந்த ‘டிரான்ஸ்லேட்’ என்னையும் வருத்தியிருக்கிறது. ஒரு நிலப்பட மென்பொருளின் பட்டியில் (மெனு) இதை ‘மொழிபெயர்’ என்று எழுதிவிட்டு, பிறகு திருத்தினேன். சூழல் தெரியாமல் தனித்தனி எழுத்துச் சரங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

என் பரிந்துரை கலமாற்று. பாலை ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்தில் ஊற்றினாலும் பால் மாறுவதில்லை. ‘டிரான்ஸ்லேட்’ செய்வது அதைத்தான்.

நில அளவை கற்பிப்பவர், யாழ்ப்பாணம்

வணக்கம். ‘கலமாற்று’ இங்கே நேர் எதிர்ப்பொருள் தரும். எங்கள் உயிரியற் பாடநூல்களில் கலம் என்றால் நீங்கள் ‘செல்’ என்பது: தாவரக்கலம், கலச்சுவர். புவித்தகவலியலிலும் கட்டத்தைச் ‘செல்’ என்றுதானே சொல்கிறார்கள்? ஆகவே ‘கலமாற்று’ என்று படிக்கும் எங்கள் மாணவர் கட்டத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்றே விளங்கிக்கொள்வார். தஞ்சாவூரில் நடந்தது இங்கும் நடக்கும். தயவுசெய்து இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு

அன்புடையீர்,

கலம் உண்கலம், மரக்கலம், அணிகலம் எனப் பல பொருள் தாங்குவது; பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவையும் அதுவே. இத்தனை சுமக்கும் சொல்லின் மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம் என்பதில் யாழ்ப்பாணத்து நண்பரோடு உடன்படுகிறேன்.

ஆனால் ‘கட்டம்’ என்று ஏன் நின்றுவிட்டோம்? நம்மிடம் பாத்தி இருக்கிறது. பகு என்னும் வேரிலிருந்து பாத்து, பாத்தி. ‘பாத்தூண்’ என்று வள்ளுவர் சொல்வது பகுத்துண்ணும் உணவை. ‘வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று’ என்பதில் வருவது வரப்பிட்டுப் பகுத்த நிலம். நிலத்தைச் சமமாகப் பகுத்து ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அளவு நீர் என்பதுதானே உங்கள் மழைத் தரவு? இப்படிக் கட்டங்களாக அமைந்த தரவைக் குறிக்கும் ‘ராஸ்டர்’ என்பதற்கு மூலமான இலத்தீன் ‘ராஸ்ட்ரம்’ கூட மண்ணைக் கிளறும் பலுகைத்தான் குறிக்கிறது. அவர்கள் பலுகை எடுத்தார்கள். நாம் பாத்தியை எடுப்போம். ரகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலாகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எனவே ‘வார்ப்’ என்பதற்கு மறுபாத்தி கட்டு. பழைய வரப்பை வெட்டிப் புது வரப்பிட்டால் நீர் புதிய பாத்திகளுக்குள் பிரியும். டெல்டாப் பிள்ளைகளுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? ‘டிரான்ஸ்லேட்’ என்பதற்குப் பெயர்ப்பு. குறுந்தொகையின் ‘மொழிபெயர் தேஎம்’ என்பது மொழி மாறிய நாடு. நாற்றைப் பெயர்த்து நட்டாலும் நாற்று நாற்றேதான்.

நிரலாளர், பெங்களூரு

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். வரப்பு வெட்டும் உவமை ‘வார்ப்’ செய்வதைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனாலும் மூன்று தடைகள் உள்ளன.

‘கோப்புப் பெயர்ப்பு’ என்று பட்டியில் வந்தால் பயனர் கோப்பின் பெயரை மாற்றும் இடம் என்றே நினைப்பார்.

பாத்தி என்றால் பரப்பு. வானிலைத் துறைத் தரவோ புள்ளி. முதற்புள்ளி கிழக்கு 66.5, வடக்கு 6.5 பாகை. அதை மையமாகக் கொண்டு கட்டம் வரைந்தால் மூலை 66.375, 6.375 பாகையில் விழும். மையத்தை மூலையாக எண்ணிக் கோப்பை எழுதினால் மழை முழுவதும் 0.125 பாகை நகரும்; ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஆஸ்கி கட்டக் கோப்பின் (எண்களை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) தலைப்பில் மூலைக்கு ஒரு சொல்லும் மையத்துக்கு வேறொரு சொல்லும் இருப்பது இதற்காகவே. ‘கட்டம்’ என்றாலும் இந்தச் சிக்கல் தீராது. ‘பாத்தி’ என்றால் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது தடை ஆசிரியைக்கு. ‘டிரான்ஸ்லேட்’ எண்ணைத் தொடாது என்பது முழு உண்மையன்று. வெளியீட்டை எட்டு பிட் முழுஎண்ணாகக் (உச்சம் 255) கேட்டால் 312.6 மில்லிமீட்டர் 255 ஆகிவிடும். சொல்லைப் பிரித்துவிட்டால் ஆபத்தும் பிரிந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள்.

கோவைத் தமிழாக்கர்

‘வார்ப்’ கட்டளைக்குள் நடக்கும் மறுகணக்கீட்டுக்குச் சில ஏடுகளில் ‘மறுமாதிரி’ என்று பார்க்கிறேன். அது வேண்டவே வேண்டாம். ‘மறுமாதிரி செய்’ என்றால் வேறு விதமாகச் செய் என்றே காதில் விழுகிறது. மறுகட்டமிடு என்றால் யாருக்கும் விளங்கும். முதலாவதற்கு வடிவமாற்று?

யாழ்ப்பாணத்தவர்

‘மறுகட்டமிடு’ மிக நன்று. ‘வடிவமாற்று’ சரிவராது. எல்லைக்கோடுகள் போன்றவற்றைச் சேமிக்கும் ஷேப் கோப்பை எங்கள் வகுப்பில் வடிவக்கோப்பு என்கிறோம். வடிவம் என்றதும் மாணவரின் கண் எல்லைக்கோடுகளுக்குப் போய்விடும்.

தஞ்சாவூர் ஆசிரியை

நன்றி. நாளை வெள்ளி. ஏட்டில் இப்படி எழுதுகிறேன்: கோப்புவகை மாற்று, மறுகட்டமிடு. ராஸ்டர் ராஸ்டராகவே இருக்கும். கோப்புவகை மாற்றும் பாடத்தில், கட்டளையிலேயே −999-ஐ வெற்றுக்குறியாக அறிவிப்பது முதற்படி. வெளியீட்டின் எண்வகையைச் சரிபார்ப்பது இரண்டாம் படி. பெங்களூரு நண்பரின் 255 அங்கே எடுத்துக்காட்டாக வரும். புள்ளி, பரப்பு வேறுபாட்டுக்குத் தனிப்பயிற்சி சேர்த்திருக்கிறேன்.

ஐயா, உங்கள் வரப்பு உவமையை மறுகட்டமிடும் பாடத்தின் முதற்பத்தியில் வைத்துக்கொள்ளலாமா?

திருவையாற்றுத் தமிழாசிரியர்

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘கோப்புவகை மாற்று’ என்பது கலைச்சொல் அன்று, விளக்கத் தொடர். அதிலிருந்து மாற்றி, மாற்றுநர், மாற்றத்தக்க என்று கிளைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘கோப்புவகை’யையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். ‘பெயர்ப்பு’ என்றால் பெயர்ப்பி, பெயர்ப்பாளர் என உடனே கிளைக்கும். கோப்பின் பெயரோடு குழம்பும் என்பதை ஏற்கிறேன். அதற்குப் புணர்ச்சியில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்து, திங்கட்கிழமை எழுதுகிறேன்.