புதுப்பிப்பு: ஸ்வாகோப்முண்ட் விடுதி, சாண்ட்விச் ஹார்பர் பயணம்

நமீபியாவில், அங்கே குளிர்காலமான ஜூலையில், ஸ்வாகோப்முண்ட் என்ற கடலோர ஊரில் தங்கி, மணல்மேடுகள் கடலைத் தொடும் சாண்ட்விச் ஹார்பருக்கு வாடகை வண்டியை நாமே ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "அறை பதிவதற்கு முன் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள், உள்ளூர் ஓட்டுநரோடு போங்கள்" என்ற யோசனைதான். மணல்மேட்டுக்கும் அலைக்கும் நடுவே, கடல் உள்வாங்கும்போது மட்டுமே வண்டித்தடம் கிடைக்கிறது. நேரம் தப்பினால் ஈரமணலில் சக்கரம் புதையும், பின்னாலேயே தண்ணீர் ஏறும். உள்ளூர் ஓட்டுநர்கள் டயர் காற்றைப் பாதியாக இறக்கித்தான் மணல்மேடு ஏறினார்கள்.

அந்தக் கரையோரம் ஓடும் பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல்நீரோட்டத்தால் காலையில் பனிமூட்டம், ஸ்வெட்டர் அவசியம்.

எதிர்பாராதது கிழக்குக் காற்று. பாலைவனத்திலிருந்து சுடச்சுட வீசி, மூடிய ஜன்னல் விளிம்பிலும் மாவுபோல மணலைச் சேர்த்துவிட்டது. குளிர்காலத்தில் போகிறவர்கள் கேமராவை ஜிப் பையில் வையுங்கள்.