பாறசாலை, களியக்காவிளை பக்கத்தவர்களே, உங்கள் வயதுக்குச் சபையில் இடம் இருந்ததா?

பாறசாலை மகள்:
எங்கள் அம்மச்சி விளவங்கோட்டில் பிறந்து இங்கே வாழ வந்தவர். 1956-ல் எல்லை பிரிந்தபோது பிறந்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. இடுப்பு ஒடிந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். திருவிருந்து கொடுக்க ஆயர் வீட்டுக்கு வந்தார். மலையாளத்தில் ஜெபித்தார். அம்மச்சி சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அப்பத்தை நீட்டியபோது வாயே திறக்கவில்லை. எனக்குத் தலைகுனிவாகப் போயிற்று. கூட வந்த கமிட்டி அண்ணன் மெதுவாகக் கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் தொடங்கினார். உடனே அம்மச்சி நேரியதை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதுவரை ஜெபம் தொடங்கியதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:
வயது 36, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியம் 35 வரைதான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேச்செல்லாம் பிள்ளை, மாமியார், வரன். அறுப்பின் பண்டிகையில் ஒவ்வொரு சங்கமாகக் கூப்பிட்டுக் காணிக்கை படைப்பார்கள். வாலிபர்கள் போனார்கள், பெண்கள் சங்கம் போயிற்று, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். எங்கள் விளையில் வெட்டிய ஏத்தன் குலை என் மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சேலை முழுக்க வாழைக்கறை. இன்னும் போகவில்லை.

பனச்சமூடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
பாறசாலை மகளே, ஆயரைக் குறை சொல்லாதீர்கள். அங்கே இன்றைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அவர் யாருக்கென்று ஆராதனை நடத்துவார்? 1959 வரை தென்னிந்தியத் திருச்சபையில் தெற்குத் திருவிதாங்கூர் ஒரே பேராயம். அப்புறம்தான் குமரி, தென்கேரளம் என்று இரண்டானது. இது அவர் உண்டாக்கிய பிரிவு இல்லை.

என் மனைவி இறந்து நாற்பது நாள் வரை வீடு நிறைய ஆள். நாற்பத்தோராம் நாள் வாசல் கேட் சத்தமே கேட்கவில்லை. அதை விடுங்கள், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கட்டிலில் கிடப்பவர்கள் பெயரை எழுதி, எந்த மொழியில் ஜெபம் வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஆயருக்குத் தமிழ் வராவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். கைக்குழந்தைக்காரிகளை வெளியே போகச் சொல்லாமல் கதவோரம் நாலு நாற்காலி போடுங்கள். கல்ஃபுக்குப் போன பிள்ளைகளின் பெற்றோர் வீட்டுக்கு வாரம் ஒரு வாலிபன் போய் மருந்து வாங்கிக் கொடுக்கட்டும். துக்க வீட்டுக்கு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போங்கள், தனிமை அப்போதுதான் கூடும். வயது பார்த்துச் சங்கம் பிரிப்பதைக் குறைத்து, தெருவாரியாக வீட்டு ஜெபம் நடத்துங்கள். மார்த்தாண்டத்துத் தங்கச்சிக்கும் அதில் இடம் கிடைக்கும்.

பாறசாலை மகள்:
சார், நான் ஆயரைக் குறை சொல்லவில்லை. அவர் கண்ணும் கலங்கியதை நான்தான் பார்த்தேன். அடுத்த முறை ஜெபத்தை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, தமிழிலேயே வாசித்தார்.

மார்த்தாண்டத்திலிருந்து:
சார், எங்கள் தெருவில் வீட்டு ஜெபம் வெள்ளிதோறும் நடக்கிறது, நானும் போகிறேன். அங்கேயும் பாய் விரிப்பதற்கு முன்னால் கேட்பது, "மக்களே, ஒண்ணும் சரியாவலியா?"