ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்: ஸ்டியரிங் ரேக் பூட்டுக்கு (ரப்பர் உறைக்கு) மாத்து என்ன போடலாம்?

ஹெரால்டு_மகன்:
அப்பாவோட 1966 ஹெரால்டு. பதினோரு வருஷம் ஷெட்டுல கிடந்ததை இந்தத் தையில வெளியே இழுத்தேன். பானட்டை முன்பக்கமா கவுத்தா மொத்த முன்பக்கமும் கண்ணுக்குத் தெரியும், இந்த வண்டியில அது ஒரு சொகம். ஆனா தெரிஞ்சதெல்லாம் வெடிச்ச ரப்பர்தான். ஸ்டியரிங் ரேக்கோட ரெண்டு முனையையும் மூடுற ரப்பர் உறை, அதான் பூட், ரெண்டும் தொட்டா வரட்டி மாதிரி உதிருது. ரேக்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பிதான் டை ராட், அதோட முனை (டை ராட் எண்ட்) பூட்டுக்குள்ள கிரீஸ் இல்ல, மண்ணு. பின் சக்கரத்து பிரேக் சிலிண்டர் ஒண்ணு கசியுது.

சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகள்ல ரெண்டு நாள் அலைஞ்சேன். ஒரு கடைப் பையன், "ஹெரால்டா? அது என்ன வண்டிண்ணே?"ன்னான். மெட்ராஸ்லயே செஞ்ச வண்டிடா தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னொரு கடையில ஏதோ சின்ன காரோட பூட் கொடுத்தாங்க, டை ராடுல தொளதொளன்னு ஆடுது. இதோட மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டு சாமான் இங்கிலாந்துல கிடைக்குது, ஆனா ரெண்டு பூட்டுக்காக அங்கேருந்து வரவழைக்க மனசு வரல. யாராவது மாத்து போட்டிருக்கீங்களா?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, வண்டி பேரைச் சொல்லிக் கேட்டா யாரும் தர மாட்டான். அளவைச் சொல்லிக் கேளு. வெர்னியர் வச்சு ரேக் குழாயோட வெளி விட்டம், டை ராடோட விட்டம், ரெண்டையும் எழுதிக்கோ. அப்புறம் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கடைசி வரை, அந்தப் பக்கம் கடைசி வரை ஒடிச்சு, பூட் எவ்வளவு நீளுது, எவ்வளவு சுருங்குதுன்னு பாரு. இதை விட்டுட்டுத்தான் பல பேர் ஏமாறுறான். நேரா நிக்கும்போது அழகா இருக்கும், முழுசா ஒடிச்சா பிடுங்கிக்கிட்டு வந்துரும். சின்ன வாய் ஒரு மில்லி இறுக்கமா இருக்கலாம், லூஸா இருக்கவே கூடாது. டை ராட் எண்ட் பூட் வெறும் தூசி மூடிதான், பழசைக் கையில எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டு வாங்கு.

பிரேக் சிலிண்டருக்குள்ள இருக்குற ரப்பர் கப்புல மட்டும் கண்ணளவு வேண்டாம். சிலிண்டர் இஞ்ச் கணக்கு. முக்கால் இஞ்ச்னா 19.05 மில்லி, அந்த அளவு இன்னைய வண்டிகள்லயும் இருக்கு. உள்சுவர் துருப்பிடிச்சு குழி விழுந்திருந்தா புது கப்பும் கசியும். பெட்ரோல்ல கழுவாதே. நான் பையனா இருந்தப்ப கழுவி மாட்டினேன், கப் ஊதிப்போய் சக்கரம் பிடிச்சுக்கிச்சு. முதலாளிகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. பிரேக் ஆயில் தாங்குற ரப்பர் இஞ்சின் ஆயிலைத் தாங்காது. இஞ்சின் ஆயில் சீல் ரப்பர் பிரேக் ஆயிலைத் தாங்காது.

மலைக்கோட்டை_ரைடர்:
ஷாஃப்டைச் சுத்தி ஆயில் ஒழுகாம அடைக்கிற ஆயில் சீல் மாத்துறப்பவும் இதே கதைதான். ஷாஃப்ட் அளவு சரியா இருக்கணும். சீலோட வெளி விட்டம் சிறுசா இருந்தா கவலையில்ல, லேத்துல ஒரு ரிங் கடைஞ்சு அதுக்குள்ள சீலை இறக்கலாம். நான் அப்படித்தான் போட்டேன்.

பூட் மாத்தக் கீழே படுக்கும்போது கீழ் ட்ரன்னியனையும் (முன் சக்கரம் மரையில திரும்புற கீழ் மூட்டு) பாருங்க. அதுக்கு 90 கியர் ஆயில்தான், கிரீஸ் கன்னை மெக்கானிக் கையில கொடுக்காதீங்க. மரை காய்ஞ்சா ஒருநாள் உடைஞ்சு சக்கரம் மடங்கிரும்.

ஹெரால்டு_மகன்:
ஸ்பேனர் ஐயா, நேத்து அளவை எழுதின சீட்டோட போனேன். அதே பையன் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டுலேருந்து நாலு பூட் இறக்கினான். மூணாவது உட்கார்ந்துச்சு. முழுசா ஒடிச்சும் பார்த்தேன், பிடுங்கல. ட்ரன்னியன்ல யாரோ ஏற்கெனவே கிரீஸ் அடிச்சு வச்சிருக்காங்க, அதைக் கழட்டிக் கழுவணும். டோர் பீடிங்குக்கும் (கதவு ஓரத்து ரப்பர்) இதே மாதிரி வருவேன்.