எட்டு விநாடிக்குப் பின்னால் இரண்டு ஆண்டுகள்

அண்ணன்: "டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை அதிக முறை வென்ற அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்" என்று அலுவலகக் குழுவில் ஒரு தகவல் வந்திருக்கிறது. பெரியப்பா, இது சரிதானா?

பெரியப்பா: தவறு, தம்பி. ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய 7 பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டுவிட்டன. 2006-இல் முதலாவதாக வந்த ஃபிளாய்ட் லாண்டிஸும் அப்படியே பட்டத்தை இழந்தார். ஆண்கள் பந்தயத்தில் வெற்றியாளராக இன்றும் பதிவேட்டில் நிற்கும் ஒரே அமெரிக்கர் கிரெக் லெமாண்ட். அவர் 1986, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார்.

கயல்: புதுவகை ஹேண்டில்பாரைப் பொருத்திக்கொண்டு 8 விநாடி வித்தியாசத்தில் வென்றவர்தானே, பெரியப்பா?

பெரியப்பா: அவரே. ஆனால் எல்லோரும் அந்த ஹேண்டில்பாரோடு கதையை முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவில் வான்கோழி வேட்டைக்குப் போன இடத்தில், உடன் வந்த உறவினரின் துப்பாக்கி தவறுதலாக இவர் மீது வெடித்தது. ஹெலிகாப்டரில் கொண்டுபோய்த்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். இதய உறை, கல்லீரல் உட்பட பல இடங்களில் தைத்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளை எடுக்க முடியாமல் உடம்பிலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவரால் டூரில் கலந்துகொள்ள முடியவில்லை. 1989 கோடையில் இத்தாலியப் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் பட்டம் வென்றபோது, இவர் 39-ஆவது இடத்தில் வந்தார்.

சித்தி: அதே ஃபின்யோனையா அடுத்த மாதமே தோற்கடித்தார்?

பெரியப்பா: ஆமாம் அம்மா. ஜூலை 23 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தூரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடக்கும் டூரின் கடைசிக் கட்டத்தில், 50 விநாடி பின்தங்கிப் புறப்பட்ட லெமாண்ட், அந்தப் புதுவகை ஹேண்டில்பாரில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்குச் சராசரியாக 54.5 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஃபின்யோனைவிட 58 விநாடி குறைவாக எடுத்துக்கொண்டார். ஃபின்யோனோ தலைக்கவசம் இல்லாமல், குதிரைவாலாகக் கட்டிய கூந்தல் காற்றில் பறக்க ஓட்டினார். இருக்கை உராய்ந்த புண்ணும் அவரை வாட்டியது. மூன்று வாரத்தில் 3,285 கிலோமீட்டர் ஓடியபின் வித்தியாசம் எட்டே விநாடி!

கயல்: அப்படியானால் 1986 வெற்றி எளிதாகக் கிடைத்ததா?

பெரியப்பா: அதுவும் இல்லை. 1985-இல் ஒரே அணியில் இருந்த பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோவுக்காக இவரை அடக்கி ஓட்டச் சொன்னார்கள். இவர் இரண்டாமிடம் வந்தார். அடுத்த ஆண்டு உதவுவதாக வாக்களித்த ஹினோவே மலைப்பாதையில் இவரை முந்திப் பாய்ந்தார். அதையும் மீறித்தான் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் வீரரானார்.

சித்தி: சொந்த அணியே இப்படிச் செய்தால் எங்கே போய் முறையிடுவது?

பெரியப்பா: அதற்குப் பிறகுதான் நான் சொன்ன துப்பாக்கி விபத்தும் அடுத்த இரண்டு வெற்றிகளும். கடைசியில், தசைகளில் ஆற்றல் உண்டாவதில் கோளாறு இருப்பதாகச் சொல்லி லெமாண்ட் 1994 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். ஊக்கமருந்து சந்தேகத்துக்கு உள்ளான ஒரு மருத்துவரோடு ஆம்ஸ்ட்ராங்குக்கு இருந்த தொடர்பைப் பற்றி 2001-லேயே வெளிப்படையாகக் கவலை தெரிவித்தவரும் இவர்தான். அப்போது அதற்காக ஏச்சுத்தான் கிடைத்தது. தம்பி, அந்த அலுவலகக் குழுவிலும் திருத்தத்தைப் போட்டுவிடு.

அண்ணன்: போட்டுவிட்டேன், பெரியப்பா. "ஹேண்டில்பார்காரரா?" என்று ஒருவர் உடனே கேட்டிருக்கிறார்.