பிரஸ்ஸல்ஸ் வளைவின் கீழ் எடுத்த படம்: அப்பாவை அங்கே கூட்டிப் போகலாமா?

நொய்யல்கரை:

நெதர்லாந்தில், ஐந்தோவனில் மூன்று வருடமாக இருக்கிறோம். வரும் மே மாதம் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வருகிறார்கள். அப்பா அரசுப் பள்ளியில் 31 வருடம் வரலாறு நடத்தியவர். "பிரஸ்ஸல்ஸ் பார்க்கணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கோ அங்கே போய் வந்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை.

போன அக்டோபரில் போனோம். சாங்கந்தனேர் பூங்காவில் அந்த மூன்று வளைவுகளுக்கு நேரே நின்றபோது மெய்மறந்துதான் போனேன். உச்சியில் நான்கு வெண்கலக் குதிரைகள், இரண்டு பக்கமும் வளைந்து விரியும் தூண் வரிசை. மகளை நடு வளைவின் கீழ் நிறுத்திப் படம் எடுத்து, அன்றைக்கே குடும்பக் குழுவில் போட்டேன். மறுநாள் 44ஆம் எண் டிராமில் காட்டு வழியாகத் தெர்வூரன் போய் ஆப்பிரிக்கா அருங்காட்சியகம் பார்த்தோம். அதையும் வளைவையும் வரைந்த கட்டடக் கலைஞர் ஒருவரே; கட்டவைத்த ராஜாவும் ஒருவரே, பெல்ஜியத்தின் இரண்டாம் லியோபோல்ட். 1885 முதல் 1908 வரை காங்கோ முழுவதும் அவருடைய சொந்தச் சொத்தாக இருந்தது. பெல்ஜியத்தைப் போல் 70 மடங்குக்கும் மேல் பெரிய நிலம். ஒருநாள்கூட அவர் அங்கே கால் வைத்ததில்லை.

காற்றடைத்த டயர் வந்த காலம், ரப்பருக்கு ஏகக் கிராக்கி. ஆண்கள் காட்டுக்குள் ரப்பர் கொடி தேடிப் போய்த் திரும்பும்வரை வீட்டுப் பெண்களை ராஜாவின் ஆட்கள் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பித் தேடியபோது 1904இல் அலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த படம் கண்ணில் பட்டது. நசாலா என்பவர் திண்ணை மாதிரி ஒரு மேட்டில் உட்கார்ந்து, தன் ஐந்து வயது மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மகளுக்கும் ஐந்து வயதுதான்.

அந்த வளைவுப் படத்தை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. அப்பாவுக்கு நகர நடுவிலுள்ள பழைய சதுக்கம் கிராண்ட் பிளேஸை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடவா? நான் ரசித்தது தப்பா?

தெருமுனை:

அந்தப் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். வளைவு விஷயத்தில் நீங்கள் நினைப்பது சரி. 1880இல் நாட்டின் 50ஆம் ஆண்டு விழாவுக்கே திட்டமிட்டார்கள். முடியாமல் போகவே தற்காலிகமாக ஒன்றை நிறுத்திச் சமாளித்தார்கள். கல் வளைவு எழுந்தது 1905இல், காங்கோப் பணத்தில்.

ஆனால் ஊரிலுள்ள எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள். கிராண்ட் பிளேஸை 1695இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் நொறுக்கிவிட்டன. ரொட்டி சுடுகிறவர்கள், படகோட்டிகள், பீர் காய்ச்சுகிறவர்கள் என்று ஒவ்வொரு தொழில்காரர் கூட்டமும் தன் பணத்தைப் போட்டு, சில வருடங்களில் திரும்பக் கட்டிய வீடுகள் அவை. ராஜாவின் லாக்கன் அரண்மனையில் செடி வளர்க்கும் பெரிய கண்ணாடிக் கூடமான குளிர்காலத் தோட்டம்கூட 1876இலேயே முடிந்துவிட்டது, காங்கோ ராஜா கைக்கு வருவதற்கு ஒன்பது வருடம் முன்பு. கட்டடத்துக்குக் கட்டடம் "இது யார் காசு" என்று கேட்டபடி அப்பாவோடு நடந்து பாருங்கள். வரலாற்று வாத்தியாருக்கு அது பிடிக்கும்.

தெர்வூரனில் தேவாலயத்துக்குப் போனீர்களா? 1897 கண்காட்சிக்காக 267 காங்கோ மக்களைக் கப்பலில் கொண்டுவந்து, குளக்கரையில் குடிசை போட்டு உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள். ஏழு பேர் இங்கேயே இறந்துபோனார்கள். தேவாலயச் சுவரோரம் வரிசையாக ஏழு கல்லறைகள் இருக்கின்றன. சாம்போ, எம்பெம்பா, என்கெம்பா, எகியா, என்சாவு, கிதுக்வா, மிபாங்கே.

கானாடுகாத்தான்:

எங்கள் வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள், முகப்பில் ஆள் உயரத்துக்கு பெல்ஜியம் கண்ணாடி. ஐயாவின் அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய், வட்டிக்கடை வைத்துச் சேர்த்த பணம். 1930களில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் எங்கள் ஆட்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்கள் வசமாகிவிட்டது. இதையும் காங்கோவையும் ஒன்று என்று சொல்லமாட்டேன், அங்கே நடந்தது கொலை. ஆனாலும் அந்தத் தூணில் சாய்ந்து வளர்ந்தவன் நான். ஒருநாள் ஐயாவிடம், "அந்த நிலத்துக்காரங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழைய பேரேட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

அப்பாவைக் கூட்டிப் போங்கள்.

கல்லுளி:

நாங்கள் கல் வேலை செய்யும் குடும்பம். நீங்கள் மெய்மறந்தது கொத்தனும் சிற்பியும் செய்த வேலையைப் பார்த்து. அதற்காக மனசு உறுத்திக்கொள்ள வேண்டாம். படத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாப்பா வளர்ந்ததும் முழுக்கதையையும் சொல்லிக் கொடுங்கள்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. தேவாலயத்துக்குப் போகவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அருங்காட்சியகத்தில் ஒரு நீளமான கூடத்தில், காங்கோவில் இறந்த 1,508 பெல்ஜியர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருந்தார்கள். எதிரே ஜன்னல் கண்ணாடியிலும் ஏதோ எழுத்து இருந்தது. அன்றைக்கு நல்ல மழை. மகள் பசி என்று அழுததால் நின்று படிக்கவில்லை. அதுவும் இந்த ஏழு பேர்தானா?

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல்ல அந்தக் கல்லறைக்குப் போலாம், வளைவை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

தெருமுனை:

அதே ஏழு பேர்தான். ஃப்ரெடி சிம்பா என்ற காங்கோ கலைஞர் செய்தது. வெயில் அடித்தால் ஜன்னலில் இருக்கும் பெயர்கள் நிழலாகப் போய் எதிர்ச் சுவரில், அந்த 1,508 பெயர்கள் மேல் விழும். நான் போன அன்றைக்கு மேகமூட்டம். கிளம்பும்போது சூரியன் லேசாக எட்டிப் பார்த்தது. எகியா என்ற பெயர் மட்டும் சுவரில் தெரிந்து, இரண்டு நிமிடத்தில் மறைந்துவிட்டது. திங்கட்கிழமை விடுமுறை, அதைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள்.