ஆறாத சர்க்கரைப் புண்: பனிக்குடச் சவ்வு ஒட்டியவர்கள் உண்டா?

அப்பாவுக்கு வயது 67, ஊர் மதுரை. இடது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, தை மாதம் வந்த சர்க்கரைப் புண் இன்னும் மூடவில்லை. 4 செ.மீ. இருக்கும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 9.2-லிருந்து 7.4-க்கு இறங்கிவிட்டது. டாப்ளரில் ரத்த ஓட்டம் சரி, எம்ஆர்ஐயில் எலும்புக்குக் கிருமி போகவில்லை.

செத்த சதையை வெட்டி எடுத்தார்கள், கால் ஊன்றாமலிருக்க மாவுக்கட்டு போட்டார்கள், அப்புறம் புண் நீரை உறிஞ்சி எடுக்கும் வேக் கருவி, புண்மேல் வைக்கும் கொலாஜன் (புரதம்) ஷீட். அடியில் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது. ஓரம் மட்டும் தடித்து, வெளுத்து, அப்படியே நிற்கிறது. தொடைத் தோலை எடுத்து ஒட்ட அப்பா சம்மதிக்கவில்லை. "எடுத்த இடமும் ஆறலைன்னா?" என்கிறார், அதுவும் நியாயம்தான். பதப்படுத்திய பனிக்குடச் சவ்வை (கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) ஒட்டிப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்.

உள்ளங்காலில், அதுவும் எடை விழும் இடத்தில், இதை ஒட்டியவர்களுக்குப் புண் முழுதாக மூடியதா?