டிராலி இழுத்தால் மட்டும் கூலண்ட் மாயம், ஒழுகல் எங்கும் இல்லை. அவசரம்!

சத்தி_ஜெனரேட்டர்:
டீசல் பிக்கப். காலி வண்டியாக ஓடினால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) துளியும் குறைவதில்லை. ஜெனரேட்டர் டிராலியை மாட்டித் திம்பம் மலைப்பாதை ஏறினால் ஆசனூர் போய்ச் சேர்வதற்குள் கூலண்ட் டப்பா வற்றிவிடுகிறது. அடியில் ஈரமே இல்லை. ஞாயிறு தாளவாடியில் கல்யாண ஆர்டர். என்ன செய்யலாம்?

கரூர்_பாடி:
எந்த ஆண்டு வண்டி? எத்தனை கேவிஏ ஜெனரேட்டர்? சூடு முள் ஏறுகிறதா? ஊற்றுவது கூலண்டா, குழாய்த் தண்ணீரா?

பழைய_ஸ்பானர்:
ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு. வேறு பேச்சே வேண்டாம், ஹெட்டை இறக்குங்கள்.

மலைப்பாதை:
தம்பி, 27 கொண்டை ஊசி வளைவு. பாரத்தோடு ஏறினால் எந்த இன்ஜினும் கொதிக்கத்தான் செய்யும். கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் அந்த வால்வு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். எங்கள் லாரிகளில் அந்தச் சனியனே கிடையாது.

டீசல்_வாத்தியார்:
வண்டியின் ஆண்டைக்கூடக் கேட்காமல் ஒருவர் ஹெட்டை இறக்கச் சொல்கிறார், ஒருவர் தெர்மோஸ்டாட்டை எறியச் சொல்கிறார். பிரமாதம். காலை முதல் ஸ்டார்ட்டில் புகை எப்படி? ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா? இரண்டு கேள்விக்கும் பதில் வரட்டும்.

சத்தி_ஜெனரேட்டர்:
2018, பிஎஸ்4. 15 கேவிஏ. கூலண்ட்தான். ஆயில் சுத்தம். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, இனிப்பு வாடை. மலை மேலே நிறுத்தியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இருக்கிறது. மூடியைச் சுற்றி வெள்ளைக் கறை.

பழைய_ஸ்பானர்:
ஹோஸ் கல்லாகிறது என்கிறாரே! கேஸ்கட்டேதான்.

டீசல்_வாத்தியார்:
புகை விஷயத்தைக் கேட்டால்தான் சொல்வீர்களா? ஈஜிஆர் கூலரைப் பாருங்கள், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் பெட்டி அது. அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் கூலண்ட். நடுவில் கீறல் விழுந்தால், ஏற்றத்தில் டர்போ முழுமூச்சாக ஊதும்போது எக்ஸாஸ்ட் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தை மிஞ்சிவிடும். புகை உள்ளே புகுந்து ஹோஸை விறைக்க வைக்கும், கூலண்ட் மூடி வழியாகப் பீறிடும். சூட்டில் அங்கேயே காய்ந்து கறையாகிவிடுவதால் தரையில் தடம் இருக்காது. வண்டியை அணைத்தபின் கூலண்ட் கூலருக்குள் கசியும், காலையில் வெள்ளைப் புகையாகப் போகும். ஹெட் கேஸ்கட்டும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதுதான் சிக்கல். கூலண்டில் புகை கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். அதனால் ஹெட்டைத் தொடுவதற்கு முன் கூலரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீரில் முக்கிக் காற்றடியுங்கள். வெந்நீராக இருந்தால் நல்லது, சில கீறல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும்.

கரூர்_பாடி:
ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அழுத்தத்தைத் தாங்காது. 1 பார் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலையே 120 டிகிரிக்கு ஏறும். மூடி விட்டுக்கொடுத்தால் பழையபடி 100தான். சூட்டோடு திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

மலைப்பாதை:
ஐம்பது ரூபாய் வேலைக்கு ஐயாயிரம் ரூபாய் வைத்தியம். நாங்கள் பச்சைத் தண்ணீரிலேயே மைசூர் போய் வந்தவர்கள்.

டீசல்_வாத்தியார்:
போய் வந்திருப்பீர்கள். அந்த இன்ஜினைப் பிரித்து லைனரின் (சிலிண்டர் உறையின்) வெளிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? வெறும் தண்ணீரில் ஓடி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும். பாதிக் கூலண்ட் ரேடியேட்டர் பக்கமே போகாது. ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும்.

மலைப்பாதை:
சில இன்ஜின்களில். எங்கள் இன்ஜினில் இல்லை.

கரூர்_பாடி:
ஐயா, இருவரும் அதற்குத் தனி இழை தொடங்குங்களேன். அவர் ஞாயிறன்று போக வேண்டும்.

பழைய_ஸ்பானர்:
கூலரில் குமிழி வராவிட்டால் எல்லோரும் என்னிடம்தான் வருவீர்கள்.

சத்தி_ஜெனரேட்டர்:
கூலர்தான். வெந்நீரில் வைத்ததும் புகை வரும் பக்கம் குமிழி. புதிதாகப் போட்டு, மூடியும் மாற்றியாயிற்று. பாரத்தோடு ஆசனூர் வரை போனேன், டப்பாவில் மட்டம் இறங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

புளியம்பட்டி_பிக்கப்:
அண்ணா, எனக்கும் இதே வண்டி, இதே புகை. கூலர் எங்கே வாங்கினீர்கள்? என்ன விலை ஆயிற்று?

பழைய_ஸ்பானர்:
உங்களுடையது ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம்.